பதினொரு விநாடிக் கவனக்குறைவு

அக்காவின் வாக்குமூலத்தை ஆலைக்காரர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். வாய் வலிக்கப் பேச வேண்டாமே என்கிற நல்லெண்ணமாக இருக்கலாம். "என் கவனக்குறைவால் இந்த விபத்து நேர்ந்தது" என்று தொடங்கி, "இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்" என்று முடிந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். போட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலை. போடாவிட்டால் அவளுக்கு இனி எல்லாக் கிழமையும் ஞாயிறுதான்.

அது ஓர் அலுமினிய வார்ப்பாலை. உலையில் உருகிக் கிடப்பதை நீளக் கைப்பிடி வைத்த கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுவது அக்காவின் வேலை. ஒன்பது வருஷமாக ஊற்றுகிறாள். ஆலையில் அவளுக்குப் பெயரே கரண்டி. வீட்டில் அவள் கரண்டியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. சமையல் எல்லாம் மாமாதான்.

ஊற்றுகிறவர்கள் முழங்காலிலிருந்து பூட்ஸின் வாய்வரை மூடுகிற காப்புறை கட்டிக்கொள்ள வேண்டும். அதைக் குழந்தைகளின் ஷூவில் இருக்கிற மாதிரி ஒட்டுப்பட்டை போட்டு மூடியிருப்பார்கள். ஒரு பக்கம் குட்டிக் கொக்கிகள், மறுபக்கம் குட்டி வளையங்கள், இழுத்தால் 'பர்ர்' என்று பிரியும். நெருப்பு உள்ளே போனால் ஒரே இழுப்பில் கழற்றி எறியலாம் என்பது ஏற்பாடு. அந்தப் பட்டை நைலான். எழுநூறு டிகிரியில் தகிக்கிற உலோகத்துக்கு முன்னால் போய் நிற்கும் துணிச்சல் நைலானுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஐந்து வாரங்களுக்கு முன் அச்சு ஒன்று ஈரமாக இருந்து உலோகம் தெறித்தது. கொஞ்சம் பட்டைமேல் விழுந்தது. கொஞ்சம் பூட்ஸுக்குள் போனது. அக்கா காப்புறையைப் பிடித்து இழுத்தாள். கொக்கியும் வளையமும் உருகி ஒன்றாகிப் போயிருந்தன. கடைசியில் பக்கத்திலிருந்தவர் கத்தியால் அறுத்தெடுத்தார். அதற்குள் இடது பாதம் வெந்தது வெந்ததுதான்.

விசாரணைக்குத் துணைக்கு ஒருவர் வரலாம், வாய் திறக்கக்கூடாது என்று விதி. அதனால் கல்லூரிக்கு மட்டம் போட்டு நான் போனேன். அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் உலைக்கூடம். தொழிலாளர்களின் பாதுகாப்பை எந்நேரமும் கண்காணிப்பதற்காகப் பாதுகாப்பு அதிகாரியே கேட்டு வாங்கியதாம். ஏசி அறைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர் என்பதால் அவரை எல்லோரும் ஹெல்மெட் என்றுதான் சொல்வார்கள். அங்கே தலையில் விழக்கூடிய ஒரே பொருள் ஏசிதான். விசாரிப்பவரும் அவரேதான்.

"ஏம்மா, ரூல் என்ன சொல்லுது? மூணு விநாடியில கழட்டணும். நீ பதினோரு விநாடி எடுத்துக்கிட்ட. கேமராவுல இருக்கு."

"அதே கேமராவுல நான் இழுக்கறதும் இருக்குமே சார். ஒரு கையால, அப்புறம் ரெண்டு கையால. அப்புறம் பக்கத்துல இருந்தவர் கத்தியால அறுக்கறதும்."

"பதட்டத்துல இழுத்திருப்ப. இதோ பாரு."

அவர் புத்தம்புதுக் காப்புறை ஒன்றைத் தன் காலில் கட்டினார். இழுத்தார். பர்ர். "ஒரு விநாடி," என்றார். இருபத்துமூன்று டிகிரிக் குளிரில் அது மிகச் சிறப்பாக வேலை செய்தது.

அக்கா மேஜையிலிருந்த விசாரணைக் கோப்பை என் பக்கம் தள்ளினாள். "படிச்சவன்தானே, படி."

படிப்பது பேசுவதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு சத்தமாகப் படித்தேன். காப்புறை செய்கிற ஒரு கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய கடிதம் அதில் இருந்தது. எஃகுத் தகட்டில் செய்த ஒட்டுப்பட்டை, எண்ணூறு டிகிரி வரை தாங்கும், கையாலேயே பிரிக்கலாம், மறுபடி ஒட்டலாம். உலைக் கதவின் போர்வை, வண்டிப் புகைக்குழாயின் உறை, வார்ப்பாலைக் காப்புறை என்று எங்கெல்லாம் பயன்படும் என்ற பட்டியல். கூடவே இலவச மாதிரி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். கீழே ஹெல்மெட்டின் கையெழுத்தில் குறிப்பு: "சோதித்ததில் கூர்மையாக உள்ளது. விரலில் குத்தியது. பாதுகாப்பற்றது. நிராகரிக்கப்பட்டது."

"கையுறை போட்டுக்கிட்டுச் சோதிச்சீங்களா சார்?" அக்கா கேட்டாள்.

"ஆபீஸ்ல யாரும்மா கையுறை போடுவாங்க?"

"உலைகிட்ட யாரு சார் போடாம நிப்பாங்க?"

அடுத்த தாளைப் புரட்டினேன். விபத்துப் பதிவேட்டின் நகல். அந்தக் குறிப்பில் இருந்த அதே தேதி. 'பாதுகாப்பு அதிகாரி, வலது ஆட்காட்டி விரல், முள் குத்தியது போன்ற காயம், முதலுதவி அளிக்கப்பட்டது, அரை நாள் ஓய்வு, காரணம்: பொருளின் குறைபாடு.' அக்காவின் பாதத்தைத் தேடினேன். மூன்று தாள் தள்ளி இருந்தது. காரணம்: கவனக்குறைவு. விரல் குத்தினால் பொருள் மேல் தப்பு, கால் வெந்தால் ஆள் மேல் தப்பு. என் பல் நறநறவென்றது. அதுவும் பேச்சில் சேராது.

"தம்பி, கோப்ப மூடுங்க," என்றார் ஹெல்மெட்.

அக்கா தன் பையிலிருந்து சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியை எடுத்தாள். பேக்கிங் பிரிவில் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கி ஒட்ட வைத்திருப்பது. நேற்றே சொல்லிவைத்து வாங்கியிருக்கிறாள், என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

"அந்தக் காப்புறைய மறுபடி கட்டுங்க சார்."

"என் கால்லயா?"

"பயப்படாதீங்க. நான் உங்கள மாதிரி இல்ல. நாற்காலியோட கையில கட்டுங்க."

சோதனைக்கு மறுப்பதில்லை என்பது அவர் கொள்கையாம், கட்டினார். அக்கா துப்பாக்கியைச் சுவர் பிளக்கில் செருகி, பட்டைக்கு நேரே பிடித்து அரை நிமிஷம் அடித்தாள். கருகல் நாற்றம் வந்தது. பட்டை மினுமினுத்துச் சுருங்கியது. ஆறட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"இப்ப கழட்டுங்க. நான் எண்றேன். ஒண்ணு."

ஹெல்மெட் இழுத்தார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அவர் இழுத்த பக்கமெல்லாம் விசுவாசமாகப் பின்னால் வந்தது.

"ரெண்டு. மூணு. ரூல் முடிஞ்சுது சார். நாலு."

அவர் காலை நாற்காலியில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். ஹெல்மெட் கழன்று உருண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை திரும்பியது. அப்புறம் வரிசையாக எல்லாத் தலையும்.

"ஏழு. பதட்டப்படாதீங்க சார். எட்டு."

அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. பதினொன்று வரை எண்ணினாள், ஒவ்வோர் எண்ணையும் அந்த வெந்த காலால் மிதித்து நடப்பவள் மாதிரி. பதினொன்றில் துப்பாக்கியை மேஜையில் வைத்தாள்.

"நாற்காலிக்கு வலிக்காது. எங்களுக்கு வலிச்சா உங்களுக்குக் கேக்காது. அதான் இவ்வளவு நாள் பட்டை நல்லாருக்குன்னு எழுதிட்டு இருந்தீங்க."

"கம்பெனி சொத்தச் சேதப்படுத்தினதுக்குத் தனியா விசாரணை வரும்," என்றார் ஹெல்மெட், மூச்சு வாங்க.

"வரட்டும். அந்த வாக்குமூலத்தையும் டைப் அடிச்சு வைங்க."

அக்கா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்று அவர் முகம் தெளிந்தது. முதல் வரியில் 'என்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பாதுகாப்பு அதிகாரியின்' என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப சரியா இருக்கு. போடுங்க கையெழுத்து."

அவர் உருண்ட ஹெல்மெட்டை எடுக்கக் குனிந்தபோது ஃபோர்மேன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"சார், உலை தயார். ஆனா ஊத்த ஆளில்ல. இருபத்திரண்டு பேரும் காப்புறையக் கழட்டி வாசல்ல போட்டுட்டாங்க."

"மாட்டச் சொல்லுய்யா."

"இது உருகி ஒட்டிக்கும்னு இப்பதானே சார் நீங்களே கண்ணாடி வழியா காட்டுனீங்க. காப்புறை இல்லாம உலைகிட்டப் போகக்கூடாதுன்னு உங்க போர்டு வேற இருக்கு."

கண்ணாடிக்கு வெளியே இருபத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் உலை ஒரு வாடிக்கைக்காரரைப் போலப் பொறுமையில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட் என்னிடம் கையை நீட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். எஃகுப் பட்டை வைத்த காப்புறை இன்னும் செய்கிறீர்களா, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டார். இவ்வளவு மரியாதையான குரல் அவரிடம் இருப்பது அதுவரை தெரியாது.

"எத்தனை ஜோடியா? இருபத்திரண்டு," என்றார் போனில்.

"இருபத்தி மூணு," என்றாள் அக்கா. "இடது காலுக்கு மட்டும் அளவு கொஞ்சம் பெருசாச் சொல்லுங்க. கட்டு இன்னும் பிரிக்கல."