அழுவதற்கென்று ஒருத்தி

உதயகலாவுக்குக் கண்ணீர் லேசில் வந்துவிடும். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஊசிக்குப் பயந்து ஒரு பிள்ளை வீரிட்டாலே இவளுடைய கண் நிறைந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் 'பைப்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். முகாமையாளர் கொலின்ஸ் ஒரு காலைக் கூட்டத்தில் அவளை எழுப்பிவிட்டு, "எங்கை, ஒருக்கா அழுது காட்டும் பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள்.

ஆனால் வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருவன் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. தமையன்மார் வரவேற்பு மேசைக் கண்ணாடியை அடித்து நொறுக்கினார்கள். காவலாளி ஓடிவிட்டான். உதயகலா மட்டும் தரையில் கிடந்த தாயின் பக்கத்தில் போய் இருந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் தமையன்மாரின் கை தானாக இறங்கியது. கொலின்ஸ் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உம்மை நான் பிழையா விளங்கிப்போட்டன். உம்மடை மனம் பலவீனமில்லை. அதுதான் பலம். உம்மை மாதிரி ஒராள் இஞ்சை கட்டாயம் வேணும்."

நோயாளி இறந்தால் வீட்டாரை இருத்தி ஆறுதல் சொல்வதற்கென்று அவளுக்குப் புதுப் பதவியும் மின்விசிறியோடு ஒரு சின்ன அறையும் கிடைத்தன. அன்று பஸ்ஸில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த வேலை அவளுக்கு நன்றாகவே வந்தது. யாருக்குத் தண்ணீர் வேண்டும், யாரைத் தொடக்கூடாது, யார் இப்போது விழப்போகிறார்கள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் போகப்போக இன்னொன்றும் தெரிந்தது. கேள்வி கேட்க வந்தவர்கள் அவளுடைய அறையை விட்டுப் போகும்போது எதையும் கேட்காமல் போனார்கள். கொலின்ஸும் கேள்வி வரக்கூடிய சாவுகளுக்குத்தான் அவளை அனுப்பினார். அவள் அதைத் தெரிந்துகொண்டே வேலையில் இருந்தாள்.

பித்தக்கல் எடுக்க அளவெட்டியிலிருந்து நாகேஸ்வரி என்ற பெண் வந்தாள். பிள்ளைகள் இல்லை. வெங்காயத் தோட்டம் செய்கிற புருசன் அருளம்பலம் கீழ்த்தளத்து வாங்கில் உட்கார்ந்தபடியே காத்திருந்தார்.

சத்திரசிகிச்சை முடிந்த பின்னேரம் உதயகலா வார்ட்டுக்குப் போனபோது, நாகேஸ்வரி அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது. உதட்டில் நிறமில்லை. இது வெட்டின இடத்து வழக்கமான நோ இல்லை என்று உதயகலாவுக்குப் பட்டது. தாதி மக்டலீனிடம் சொன்னாள். மக்டலீன் டொக்டருக்குப் போன் எடுத்தாள். அவர் வேறோர் இடத்தில் சத்திரசிகிச்சையில் நின்றார். நோவுக்கு ஊசி போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உதயகலா கொலின்ஸிடம் போனாள்.

"உமக்கு ஆரைப் பாத்தாலும் நோதான்," என்றார் அவர். "வீட்டை போம்."

அவள் போய்விட்டாள்.

விடியும்போது நாகேஸ்வரி செத்துப்போயிருந்தாள். கொலின்ஸ் உதயகலாவை வாசலிலேயே மறித்தார். "ஹார்ட் அட்டாக். நித்திரையிலை போனவ. மனுசன் தனிய இருக்கிறார், லேசான கேஸ். போய் உம்மடை வேலையைச் செய்யும்."

அருளம்பலம் அவளுடைய அறையில் இருந்தார். அவர் அழவில்லை. அவள்தான் கதிரையில் இருந்ததுமே உடைந்து அழுதாள். அவர் எட்டி அவள் தலையில் கை வைத்தார்.

"அழாதையும் பிள்ளை. நீர் அழுறதைப் பாக்க எனக்கு ஒரு ஆறுதல். பொய் சொல்லுற சனம் இப்பிடி அழாது."

இதுவரை அந்த அறையிலிருந்து அனுப்பிவைத்த அத்தனை பேரின் முகமும் அவளுடைய கண்முன் வந்தது. அழுகை நின்றது.

"ஐயா, உடம்பை எடுத்துக்கொண்டு போகாதேங்கோ. பொலிசுக்குப் போங்கோ. போஸ்மோட்டம் கேளுங்கோ. அவ நித்திரையிலை போகேல்லை. பின்னேரம் தொடங்கி நோவாலை துடிச்சவ. டொக்டர் வரேல்லை."

அவர் அவளைப் பார்த்தபடியே எழும்பிப் போனார்.

அன்றே அவளுக்கு வேலை போனது. உடம்பை அறுத்துப் பார்த்ததில் வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்து கிடந்தது. விசாரணையில், நோ என்று யாரும் சொல்லவில்லை, டொக்டருக்கு எடுக்கவும் இல்லை என்றாள் மக்டலீன். கொலின்ஸ் அமைதியாகச் சொன்னார்: "உவ ஆர் தும்மினாலும் அழுகிற ஆள். மற்றவையின்ரை நோவைத் தன்ரை நோவா நினைக்கிற ஒரு வருத்தம், ஒரு நோய். பாவம். உவவின்ரை கதையை எப்பிடி எடுக்கிறது?"

எடுக்கவில்லை. சத்திரசிகிச்சையில் இப்படி நடப்பதுண்டு என்று விசாரணை முடிந்தது. அந்தக் கிழமையே டொக்டர் மறுபடி கத்தி பிடித்தார்.

விசாரணை முடிந்த அன்று வெளியே வெய்யில். மதிலோரம் நின்ற அருளம்பலம் அவளைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"எதுக்குச் சொன்னனீர்? நித்திரையிலை போனவ எண்டு நினைச்சுக்கொண்டு நான் மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பன். இப்ப அறுத்துத் தைச்ச உடம்பைத்தான் எரிச்சனான். டொக்டருக்கும் ஒண்டுமில்லை."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ என்னைக் கேட்டவவோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். எப்படிச் சொன்னால் நம்புவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஓம். திருப்பித் திருப்பிக் கேட்டவ. 'அவர் கீழைதான் இருக்கிறார், கூப்பிட்டு விடுங்கோ' எண்டவ. மேலை விட ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். உங்களைத் தாண்டித்தான் நான் வீட்டை போனனான். உங்களிட்டைச் சொல்லேல்லை."

அவர் அவளுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தார். தெருவில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். உதயகலா கன்னத்தைப் பொத்தவில்லை, விலகிப் போகவும் இல்லை. அவருடைய கால் தளர்வதைக் கண்டு முழங்கையைப் பிடித்து மதிலோடு இருத்திவிட்டுத் தானும் மண்ணில் இருந்தாள்.

சைக்கிள்காரர்கள் போன பிறகு அவர், "முதலிலை இருந்து சொல்லும். ஒண்டையும் விடாதையும்" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.