மைக் ரிப்பேர்

செங்கமலம் பீரோவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தம்பியின் வெள்ளை வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். தம்பி வாசலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். பொங்கலுக்கு எடுத்த வேட்டி, மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும், குளிப்பாட்டிவிட்டு அதையே கட்டிவிடலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். வேட்டி கிடைத்தது. அதற்கு அடியில் வேறு என்னவோ கையில் தட்டியது. இழுத்துப் பார்த்தால் மூன்று அட்டைப் பெட்டிகள். மூன்றின் மேலும் ஒரே படம்: காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன், வாய்க்கு நேராக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

இதென்ன கூத்து என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தால் மறந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். மூன்றையுமா மறப்பான்? அதுவும் இளவரசன், ஒரு சட்டைப் பொத்தானைக்கூடத் தொலைக்காதவன்!

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வேப்பந்தட்டை ஊர்க்காரர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை; நல்லவர்களாக இருந்ததுதான் தொல்லை. அவன் ஒரு சொல்லின் தலையை வெளியே எடுப்பதற்குள் மீதியை இவர்கள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "பெ..." என்றால் கண்டக்டர் "பெரம்பலூரா?" என்று டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். அவன் இறங்க வேண்டியது பெட்ரோல் பங்க் ஸ்டாப்பாக இருக்கும். இதில் செங்கமலத்தின் புருஷன் வேல்முருகனை மிஞ்ச ஆளில்லை. அவர் வாய் சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும். இவள் மட்டும் என்ன வாழ்ந்தது? அக்காக்காரிக்குத் தெரியாதா என்கிற தெம்பில் இவளும் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தவள்தான். கடைசியில் முப்பத்து நாலு வயதில் அவன் எதிரில் நிற்பவர்களிடம் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டான்.

நாலு வருஷமாக இந்த அறையில் லேப்டாப் முன்னால்தான் இருந்தான். மெட்ராஸ் கம்பெனி. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு எழுதியே வழி சொல்கிற வேலை. இன்று காலையில் டீயைக் குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நூத்தியெட்டு வண்டி பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மேஜைமேல் திறந்தபடியே கிடந்த லேப்டாப் அப்போது மணியடித்தது. நின்று, திரும்பவும் அடித்தது. செல்லில் வீடியோ கால் வந்தால் பச்சையைத் தொட வேண்டும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். இதிலும் பச்சை இருந்தது. தொட்டாள்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

"சார்! வந்துட்டீங்களா?" என்று முதல் கட்டத்துப் பெண் கூவினாள். "கேமரா வேற ஆன்ல இருக்கு! மைக்கும் சரியாயிடுச்சா?" என்றவள், தலைவிரிகோலமாக நின்ற செங்கமலத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க..."

"நான் அவனோட அக்கா. தம்பி காலையில தவறிட்டான்மா."

யாரோ ஒருத்தர் வீட்டில் மின்விசிறி கடகடவென்று ஓடுவது மட்டும் இங்கே வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு கட்டத்தில் மீசை வைத்த ஆம்பிளை ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செங்கமலத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாசலில் வந்திருக்கிற சொந்தக்காரர்கள் "பாவம், நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குத் தூக்குகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். இவர்கள் யார், இவனுக்காக இப்படி அழ?

முதல் கட்டத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கீதாஞ்சலிக்கா. சார் எங்க டீம்தான். நாலு வருஷமா தெனம் பேசிட்டிருக்கோம்."

"பேசுனீங்களா? அவன்கூடவா?"

"நாங்க பேசுவோம். அவரு டைப் பண்ணுவாரு. அவருக்குத்தான் மைக் ரிப்பேராச்சே! உங்க ஊர்ல சரிபண்ண ஆளில்லன்னு சொன்னாரு. நாங்களும் மூணு வருஷமா தீபாவளிக்கு ஒரு ஹெட்போன் கொரியர்ல அனுப்பிட்டிருந்தோம். அதுவும் ரிப்பேர்ம்பாரு. ராசியில்லாத காதுன்னு ஓட்டுவோம்."

செங்கமலம் கையிலிருந்த பெட்டிகளை மெதுவாகத் திரைக்குக் கீழே, அவர்கள் கண்ணில் படாதபடி இறக்கி வைத்தாள். அடப்பாவி, இத்தனை வருஷம் இதையா கட்டிக் காத்தாய்!

"அவரு எழுதுறதப் படிச்சிட்டு ஆபீஸே சிரிச்சிட்டிருக்கும்க்கா" என்றாள் கீதாஞ்சலி.

"சிரிச்சீங்களா?" செங்கமலத்தின் குரல் ஏறியது. அவனைப் பார்த்து யார் சிரித்தாலும் அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே இவள் கல்லெடுத்துக்கொண்டு நிற்பவள்.

"ஐயோ, அவரப் பாத்து இல்லக்கா! அவரு அடிக்கிற ஜோக்குக்கு."

ஜோக்கா? இளவரசனா? செங்கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்தவள் அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் கூடப் பிறந்தவளுக்குத் தெரியாத ஒருத்தன் அல்லவா இந்த லேப்டாப்புக்குள் இருக்கிறான்! "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. என்ன எழுதுனான்னு நீயே படிச்சுச் சொல்லேன்" என்றாள்.

கீதாஞ்சலி தேடி எடுத்துப் படித்தாள். "மேனேஜர் ஒரு நாள், யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேட்டாரு. சார் போட்டாரு: 'இருக்கு சார். மணி ரெண்டாச்சோன்னு ஒரு சந்தேகம். வயிறு ஆமாங்குது.'" மீசைக்காரர் அழுகையோடு சிரித்தார். "இது போன மாசம். 'எங்க அக்கா சாம்பார் வெச்சிருக்கா. உப்பு போட்டாளா இல்லையாங்கறது சஸ்பென்ஸ். மாமா முதல்ல சாப்பிடட்டும், முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்குறேன்.'"

செங்கமலத்துக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் சாப்பாட்டுக்கு வேல்முருகனைத்தான் முதலில் உட்காரச் சொல்லிக் கை காட்டுவான். மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள்!

"இது அவரு பிறந்த நாளுக்கு" என்று இன்னொருத்தி படித்தாள். "'அக்கா வெங்காயம் அரிஞ்ச கையோட வந்து என் கன்னத்தத் தடவிட்டா. கண்ணு கலங்குனதுக்கு வெங்காயம்தான் காரணம்னு எல்லாரும் எழுதி வெச்சுக்குங்க.'"

அவள் தன் கையைப் பார்த்தாள். வெங்காயக் கொட்டகையில் நேற்று கூலிக்கு அரிந்த சின்ன வெங்காயத்தின் வாடை இன்னும் போகவில்லை.

மீசைக்காரர் தன் பெயர் மாயவன் என்றார். "நான் புதுசா சேந்தப்ப மீட்டிங்ல பேச்சே வராதுங்க. வேத்து ஊத்தும். உடனே சார் எனக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போடுவாரு. பதில சொல்லித் தர மாட்டாரு. 'அவசரப்படாதீங்க, காத்திருப்பாங்க'ன்னு மட்டும் போடுவாரு. அதப் பாத்தாலே எனக்குப் பேச்சு வந்துடும்."

செங்கமலத்துக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. காலையிலிருந்து அழுதது ஊரோடு அழுத அழுகை. இது வேறு.

கீதாஞ்சலி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "அக்கா, சாரோட குரல் ஏதாவது வெச்சிருக்கீங்களா? ஒரு தடவ கேக்கணும்போல இருக்கு. நாங்க கேட்டதே இல்ல."

இருந்தது. படிக்கத் தெரியாதவள் என்பதால் உலகத்துக்கே எழுதினவன் இவள் ஒருத்தியிடம் மட்டும் பேச வேண்டியிருந்தது. தினம் ஒரு மணிக்கு, கொட்டகையில் இருக்கும் இவளுக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்புவான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குத்தான். அது தெரியும் என்பதால் முதல் "அக்..."கிலேயே நிறுத்திவிட்டு "இனிமேத்தான்டா" என்று பதில் அனுப்பிவிடுவாள். ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. நேற்று வந்ததும் அப்படியேதான் கிடந்தது.

வேல்முருகன் கதவருகே வந்து நின்றார். "என்னடி இது, வாசல்ல அவனப் போட்டுட்டுப் பொட்டிகிட்ட சிரிச்சிட்டிருக்க? வாலிகண்டபுரத்துச் சொந்தக்காரங்க வந்தாச்சு. வேட்டி எங்க?"

"குரல் கேக்குறாங்க."

அவருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் வாணாம். ஒண்ணும் இல்லன்னு சொல்லு. பாவம், பேரோட போவட்டும்."

சொன்னது நியாயம்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. மூன்று பெட்டியைப் பிரிக்காமல் ஒளித்தவனின் மானத்தை, அவன் வாசலில் கிடக்கும்போது இவள் எடுத்துக் கடை விரிக்கலாமா? கேட்டுவிட்டு அந்தக் கட்டங்களில் ஒரே ஒரு உதடு கோணினாலும் இவளால் தாங்க முடியாது. ஆனால் இவர்களிடம் இருந்த தம்பியை இவர்கள் ஒளிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். தன்னிடம் இருக்கிற தம்பியைத் தான் மட்டும் எப்படிப் பூட்டி வைப்பது? தப்பென்றால் அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று இடுப்பிலிருந்து செல்லை எடுத்தாள்.

"மைக் ரிப்பேரெல்லாம் இல்லம்மா" என்றாள். மூன்று பெட்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எந்தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் மெதுவா வரும்."

செல்லை லேப்டாப்புக்குப் பக்கத்தில் பிடித்து நேற்றையதைத் தொட்டாள். முப்பத்தெட்டு வினாடி என்று காட்டியது.

"அக்... அக்... க்..."

மூச்சு இரைந்தது. திரும்ப ஆரம்பித்தது. "அக்... அக்கா." பிறகு வெறும் காற்று. "சா... ச்... சா..."

வேல்முருகன் பழக்கதோஷத்தில் "சாப்ட்..." என்று வாயெடுத்தார். செங்கமலம் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் திரையையே பார்த்தாள். ஒரு உதடும் அசையவில்லை. கீதாஞ்சலி காதை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். மாயவன் வாயை இறுக மூடிக்கொண்டு, மெல்ல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டத்திலும் காத்திருந்தார்கள். வாசலில் சங்கு ஊதினார்கள். ஊதி முடியும் வரைக்கும் அவன் அந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சா... சாப்ட்டியா?"

முழுசாக வந்துவிட்டது. அதற்குப் பின்னாலும் இரண்டு வினாடி இருந்தது. அதில் அவன் மூச்சு விட்டான்.

"இனிமேத்தான்டா" என்றாள் செங்கமலம் செல்லைப் பார்த்து. பிறகு வேட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். லேப்டாப்பை மூடவில்லை.