ஜெஸிந்தா பேரில்

"ஜெஸிந்தா" என்று சூப்பர்வைசர் கருப்புசாமி கூப்பிட்டதும், தாடி வைத்த ஒரு மனிதர் வரிசையிலிருந்து முன்னால் வந்து, முதுகில் தொங்கிய பையைக் கழற்றித் தராசுக் கொக்கியில் மாட்டினார். அன்றைய முதல் நிறுவையில் பத்தொன்பது கிலோ. ஜூலை மழையில் தேயிலையோடு தண்ணீரும் சேர்ந்து வரும் என்பதால் ஒரு கிலோவைக் கழித்துப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார் கருப்புசாமி. பின்னால் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருடத்தில் அந்த வேடிக்கை அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. மரகதம் மட்டும் இன்னும் விடுவதாக இல்லை.

"ஏனுங் ஜெஸிந்தாக்கா, தாடியில ரெண்டு கொழுந்து ஒட்டியிருக்குதுங்க. அதையும் சேத்து நிறுத்துப் போடச் சொல்லுங்க."

"அது என்ற சொந்தக் கொழுந்துங்க அம்மிணி" என்றார் சுவிசேஷமுத்து. "தோட்டத்துக்குச் சேராது."

உண்மையான ஜெஸிந்தா அந்த நேரத்தில், சரிவுக்குக் கீழே தோட்டம் கொடுத்த லைன் வீட்டில், வெந்நீரில் வலது கையை முக்கியபடி உட்கார்ந்திருந்தாள். போன வருடம் மே மாதம், ஓவேலிக்குத் திரும்பும் பாதையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிய ஒரு கார் பிரேக் பிடிக்காமல் நிழற்குடைக்குள் ஏறிவிட்டது. யாரும் சாகவில்லை. அவளுக்கு மணிக்கட்டு மூன்று துண்டாக உடைந்தது. காரில் இருந்தவர்கள்தான் அவளைவிட அதிகமாக அழுதார்கள்; பயந்து வாந்தியெடுத்த அவர்களுடைய பெண்குழந்தையின் வாயை இடது கையால் துடைத்துவிட்டது அவள்தான். அந்தக் குடும்பம் இரண்டு முறை போன் செய்தது. பிறகு காருக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் தபால்கள் மட்டும் வந்தன. கூடலூர் வக்கீல் ஷிஜோ எட்டு லட்சம் கேட்டு ஊட்டி கோர்ட்டில் மனுப் போட்டார். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார். விபத்து நடந்து இப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

பணம் வரும்வரை எப்படியாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். வீடுதான் சிக்கல். லைன் வீடு நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் உண்டு. செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஜெஸிந்தாவின் மருத்துவ விடுப்பு இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அவள் கணவர் சுவிசேஷமுத்து பெயிண்டர். ஜூனிலிருந்து அக்டோபர்வரை ஓவேலி மழையில் எந்தச் சுவரும் பெயிண்டை வாங்காது. அவர் கருப்புசாமியிடம் போய் வேலை கேட்டார். தற்காலிக ஆளாக எடுக்கலாம், ஆனால் தற்காலிக ஆளுக்கு வீடு கிடையாதே என்றார் கருப்புசாமி. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் காலையில் ஜெஸிந்தாவின் பெயருக்கு நேராக, வேலைக்கு வந்ததாகக் கோடு போட்டார். "கொழுந்துக்குப் பேரு தெரியுமா என்ன" என்றார்.

முதல் வாரங்களில் சுவிசேஷமுத்து பழைய பெயிண்டைச் சுரண்டுவதுபோலச் செடியைச் சுரண்டினார். ஒரு நாள் முழுக்க எட்டு கிலோ. அடுத்த வரிசையில் போகிற பெண்கள் அவரைத் தாண்டும்போது, பேச்சை நிறுத்தாமலே ஒரு பிடியை அவர் பைக்குள் எறிந்துவிட்டுப் போவார்கள். கட்டுப்போட்ட கையோடு ஜெஸிந்தா மேல் பாதையில் வந்து நின்று, இடது கையில் குடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுவாள். "ஏனுங்க, கையப் பாக்காதீங்க. கை அதுபாட்டுக்குப் போகட்டும். கண்ண அடுத்த செடியில வையுங்க." மொத்த மலையும் அதைக் கேட்கும். கூலி, பெயிண்டிங்கில் கிடைத்ததில் பாதிதான். வாரம் ஒரு மீன் என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றாயிற்று. கேஸ் சிலிண்டரைக் காலைக் காபிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் சோறு பொங்கினார்கள். ஜெஸிந்தா இடது கையால் வெங்காயம் அரியப் பழகினாள். அவள் அரிந்த தடித்த வெங்காயத் துண்டைத் தட்டில் எடுத்துப் பார்த்து, இதைத் தனியாக மென்று சாப்பிட வேண்டும்போல இருக்கிறதே என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

அந்த ஜூலையில் ஷிஜோ இருவரையும் கூப்பிட்டனுப்பினார். பேக்கரிக்கு மேலே அவருடைய ஆபீஸ். மேஜைமேல் ஒரு கட்டு ஜெராக்ஸ் இருந்தது.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டே. அடிபட்டதுக்கு அப்புறம் வேலைக்கே போகலன்னுதானே நாம எழுதிக் கொடுத்திருக்கு?"

"ஆமாங்க."

"அப்போ இது ஆரு?"

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கோர்ட் மூலமாக எஸ்டேட்டிலிருந்து கூலிப் பதிவேட்டை வரவழைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் ஜெஸிந்தா, இருபத்து நான்கு நாள், இருபத்தைந்து நாள். ஷிஜோ விரலை வைத்து வாசித்தார். மருத்துவ விடுப்பு முடிந்த மாதம் தினம் எட்டு கிலோ. பிறகு இருபது. பிறகு முப்பத்தைந்து. இந்த மே மாதம் சராசரி ஐம்பத்திரண்டு. விபத்துக்கு முந்தின மே மாதம் நாற்பத்தெட்டு.

"கை ஒடிஞ்சதுனால சேச்சிக்கு கிலோ கூடியிருக்குன்னு அவங்க வாதம்" என்றார் ஷிஜோ.

ஜெஸிந்தா அந்தத் தாளை இடது கையால் வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அம்பத்திரண்டா? என்கிட்ட நாப்பதுன்னுதான சொன்னீங்க?"

சுவிசேஷமுத்து ஜன்னல் வழியாகக் கீழே பேக்கரியின் தகரக் கூரையைப் பார்த்தார். "நீ சங்கடப்படுவியேன்னுதான்..."

"முத்தலும் கித்தலுமா வாரிப் போட்டிருப்பீங்க."

"கருப்புசாமியக் கேட்டுப் பாரு. ஒரு நாளும் திருப்பிக் கொட்டச் சொன்னதில்ல."

"சண்டை வீட்டுல வச்சுக்கலாம்" என்று ஷிஜோ இடையில் புகுந்தார். சமரசம் பேசும் லோக் அதாலத்தில் ஒரு லட்சம் தருவதாக எதிர்த்தரப்பு சொல்கிறது. வாங்கிக்கொண்டால் அன்றைக்கே கேஸ் முடியும். வேண்டாம் என்றால், பதிவேட்டில் இருக்கிற ஜெஸிந்தா இந்த ஜெஸிந்தா இல்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் பொய்யாக எழுதியவர் கருப்புசாமி என்று ஆகும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெஸிந்தா கணக்குப் போட்டாள். கோயம்புத்தூர் டாக்டர், மணிக்கட்டில் வைத்திருந்த தகட்டை எடுத்துவிட்டு நரம்பைச் சரிசெய்ய இரண்டு லட்சத்துக்குமேல் ஆகும் என்று சொல்லியிருந்தார். வருடம் முடிவதற்குள் செய்தால் கை பழையபடி மூடும். தள்ளிப்போட்டால் இப்படியே இறுகிவிடும். இப்போது அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் ஒரு மிளகாய் படுக்கிற அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் எந்தக் கொழுந்தும் நிற்காது. இருபத்திரண்டு வருடமாக மலையில் அவளுக்கு முன்னால் நடந்தவள் கிடையாது. லைன் வாசலில் உட்கார்ந்து அடுத்தவர்கள் வேலைக்குப் போவதைப் பார்க்கிற வாழ்க்கை தனக்கு வாய்த்துவிடுமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இறங்கும் இடம் வந்தபோது அவளே சொன்னாள். "ஒரு லட்சத்த வாங்கிக்கலாமுங்க. பேரு எழுதுன மனுசன் பொழப்புல நாம கை வைக்கக் கூடாது."

சுவிசேஷமுத்து தலையாட்டினார். ஆனால் மறுநாள் மதியம் சில்வர் ஓக் மரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது மரகதம் வாயைப் பிடுங்கினாள். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. கருப்புசாமி பக்கத்திலேயே உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"எழுதுனது நானு. யாரு எழுதுனதுன்னு கேட்டா நாந்தான்னு சொல்றதுக்கு என்ன?"

"வேலை போயிருமுங்கண்ணா" என்றார் சுவிசேஷமுத்து.

"போகுதா இல்லையான்னு ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வந்துர்லாம். இங்க உக்காந்துட்டு எதுக்கு யோசிச்சுட்டு."

அவர் நடந்தார். சுவிசேஷமுத்து பின்னால் போனார். அவருக்குப் பின்னால் மரகதமும், மரகதத்தின் பின்னால் இன்னும் ஆறு பெண்களும், மழைக்குக் கட்டிய படங்குத் துணியை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே போனார்கள். வழியில் ஜெஸிந்தாவையும் கூட்டிக்கொண்டார்கள்.

மேனேஜர் குடகுக்காரர், வந்து மூன்று வருடம் ஆனவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கருப்புசாமி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏன் கருப்புசாமி, நான் தினம் பைக்கில் அந்தப் பக்கம் போகிறேன். தாடி வைத்த ஜெஸிந்தா என் கண்ணுக்குத் தெரியமாட்டாள் என்று நினைத்தீர்களா?"

மரகதத்தின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"பாதி லைன் திருப்பூருக்குப் போய்விட்டது. செடியில் இலை நிற்கிறது, பறிக்க ஆள் இல்லை. ஐம்பது கிலோ எடுக்கிற ஆளைப் பார்த்து நீ யார் என்று நான் கேட்பேனா?" அவர் மேஜையில் இருந்த காலண்டரைத் திருப்பினார். "ஆனால் எழுத்தில் வந்துவிட்டது. இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு மெமோ தருவேன். நீங்கள் பதில் எழுதுவீர்கள். பதில் திருப்திகரமாக இருக்கும்."

"என்ன எழுதோணுங்க?"

"நல்ல பதிலாக எழுதுங்கள்."

நாளையிலிருந்து சுவிசேஷமுத்து தன் பெயரிலேயே பறிக்கட்டும். ஜெஸிந்தா சிகிச்சையில் இருப்பதாகத் தனியாக எழுதிக்கொள்ளலாம். வீட்டைப் பற்றி ஆபரேஷன் முடிந்த பிறகு பேசலாம். இதற்குமேல் தன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றார். வெளியே போகும்போது ஜெஸிந்தாவை மட்டும் நிறுத்தி, உங்கள் கணவரின் பையில் தண்டு அதிகம், கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். அன்று மாலைவரை அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்த யாரும் அவர்களுக்குக் கேஸ் ஒன்று இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு லட்சம் வேண்டாம் என்று ஷிஜோ எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் கடைசியில் விசாரணை வந்தது. முதல் பஸ்ஸில் கிளம்பி, நடுவட்டத்தில் இறங்கி டீ குடித்து, குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஊட்டி போய்ச் சேர்ந்தார்கள். மரகதம் லீவ் போட்டுவிட்டு வந்திருந்தாள். சாட்சியாக அவளை யாரும் கூப்பிடவில்லை. கோர்ட்டை உள்ளே பார்த்ததில்லை என்று வந்தாள்.

கூண்டில் ஏறிய கருப்புசாமி சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். இன்சூரன்ஸ் வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசினார்.

"ஒரு வருடமாகப் பதிவேட்டில் பொய்யை எழுதினீர்கள். சரிதானே?"

"பேரு பொய்யிங்க" என்றார் கருப்புசாமி. "கிலோ பூராவும் நெசமுங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தட்டினாள். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார்.

அடுத்து சுவிசேஷமுத்து. "நீங்கள் பெயிண்டர். இந்த அம்மா இருபத்திரண்டு வருட அனுபவத்தில் நாற்பத்தெட்டு கிலோ பறித்தவர். ஒரே வருடத்தில் நீங்கள் அவரைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் கோர்ட் எப்படி நம்பும்?"

"எனக்கே மொதல்ல நம்பிக்கை வரலைங்க" என்றார் சுவிசேஷமுத்து. "இவ இன்னிக்கு வரைக்கும் நம்பலைங்க."

பின்பெஞ்சிலிருந்து மரகதத்தின் சிரிப்பு கேட்டது. கோர்ட் பணியாள் அவளை முறைத்தார். கோர்ட்டுக்கு மேனேஜர் அனுப்பியிருந்த கடிதத்தைப் படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குக் கேஸ் தள்ளிப்போனது. எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே மழை விட்டிருந்தது. ஷிஜோ வாசலில் நின்று சொன்னார்: இன்சூரன்ஸ் கிழவர் மனசு வைத்தால் தொகையைக் கூட்டிப் பேசுவார், வைக்காவிட்டால் தீர்ப்புவரை இழுப்பார், அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "நம்பினாரான்னு கேட்டா, நம்பலன்னுதான் எனக்குத் தோணுது சேட்டா." அதைக் கேட்டபடியே சுவிசேஷமுத்து கேன்டீன் பக்கமாக நடக்க, ஷிஜோவும் பேசிக்கொண்டே கூட நடந்தார். கருப்புசாமியும் மரகதமும் போண்டா வாங்கப் போயிருந்தார்கள். ஜெஸிந்தா சால்வைக்குள் வலது கையை மடக்கி வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தாள். ஆபரேஷனுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் பணம் வருமா என்று அவள் கேட்டாள். வரும் என்று ஷிஜோ சொல்லவில்லை. பார்க்கலாம் சேச்சி என்றார்.

கறுப்பு அங்கியைக் கைமேல் போட்டுக்கொண்டு காருக்குப் போன இன்சூரன்ஸ் வக்கீல், டிரைவர் கதவைத் திறந்த பிறகும் ஏறாமல் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நடைபாதை ஓரத்து வேலிச்செடியை. இடுப்பளவு உயரச் செடி. மழைக்குத் துளிர்த்த வெளிர்பச்சை நுனிகள் வேலி முழுக்க நீட்டிக்கொண்டிருந்தன. வாசலிலிருந்து பதினைந்து அடி தூரத்துக்கு மட்டும் ஒரு நுனிகூட இல்லை. கத்தரித்த மாதிரி ஒரே மட்டமாக, அடியிலிருந்த கரும்பச்சை இலை தெரிந்தது. அந்தப் பதினைந்தாவது அடியில் தாடிக்காரர் ஷிஜோவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு கைகளும் அவரைக் கேட்காமல் வேலியின்மேல் போய்ப் போய் வந்தன. கைப்பிடி நிறைந்ததும் வலது கை தோளுக்கு மேலே போய் விரிந்தது. பை இல்லாத முதுகில் தளிர்கள் சிதறி விழுந்தன.