ஆரின் பெல்க்கியின் ஓட்டைகள்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆரின் பெல்க்கியின் சன்னல் ஓரத்தில், அக்டோபர் கடைசியில். நான் எழுதப் படிக்கக் கற்று நாலு வருஷம்தான். நீளமான வாக்கியத்தில் நடுவழியில் உட்கார்ந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர் என்பது..." வேண்டாம். குளிர் தானாக வரும்.

2
வீட்டின் இடுக்குகளை அடைப்பதும் குளிர் இறங்காமல் பரணில் காகிதப் பஞ்சு ஊதி நிரப்புவதும் என் வேலை. மின்சாரக் கம்பெனி வருஷத்துக்கு இவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று அரசுக்குக் காட்டியாக வேண்டும். யார் மிச்சப்படுத்திக் கொடுத்தாலும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். எங்கள் முதலாளி லொரெய்ன் அதைத்தான் விற்கிறாள். வாசலில் பெரிய விசிறியை மாட்டி, எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று வேலைக்கு முன்னும் பின்னும் அளப்போம். வித்தியாசம்தான் சரக்கு. அது தேறினால் வீட்டுக்காரருக்குச் செலவில்லை.

(செலவாகாத மின்சாரத்துக்கு ஒரு சந்தை. எழுதும்போது எனக்கே சிரிப்பு. ஆனால் வீடுகள் கதகதப்பாகின்றன, அது பொய்யில்லை.)

3
ஆரின் செருப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி டெல்ஃபின் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். இன்னொரு குளிர்காலத்தை இந்த வீட்டில் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆட்கள் வருகிறார்கள் என்றதும் வீட்டைக் கூட்டுவோமில்லையா, அப்படி ஆரின் ஒரு வாரம் ஏணியில் ஏறி, இடுக்கெல்லாம் பழைய கம்பளிக் காலுறை திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தார். விசிறி சுற்றியது. வேலை எடுக்கிற அளவுக்கு ஒழுக்கு தேறவில்லை.

"இந்த நம்பருக்கு ஒரு கைப்பிடி பஞ்சுகூட ஊத முடியாது. யாருங்க உங்கள அடைக்கச் சொன்னது?" என்றாள் லொரெய்ன்.

"வர்றவங்களுக்கு ஒழுகுற வீட்டையா காட்டுவாங்க?"

"ஓட்டைய வாங்கத்தாங்க நாங்க வந்திருக்கோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நல்ல ஓட்டையா பாத்து வச்சிருப்பேன்."

டிசம்பர் உறைபனியில் அந்த டேப் உரிந்து தொங்கும் என்பது மூவருக்கும் தெரியும். ஆனால் வீடு இருக்கிறபடியே அளக்க வேண்டும், நாங்கள் எதையும் பிய்க்கக் கூடாது என்பது விதி. பேனா எடுக்கப் போவதாகச் சொல்லி லொரெய்ன் வண்டிக்குப் போனாள். பேனா அவள் காதில் இருந்தது.

4
ஒரு வரைவில் ஆரினைத் தந்திரக்காரராக எழுதினேன். அடித்துவிட்டேன். இன்னொன்றில் டெல்ஃபினை அழவைத்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. உள்ளறையிலிருந்து, இருமலுக்கு நடுவே அவள் சொன்னது இதுதான்: "அந்த டேப்பப் பாக்கவே சகிக்கல. யாராவது பிச்சுப் போடுங்கப்பா."

"நான் பிய்க்க மாட்டேன். ஒரு வாரம் பாடுபட்டிருக்கேன்," என்று ஆரின் என்னைப் பார்த்தார்.

5
முடிவு ஒன்று: டேப்பை இழுக்கிறேன். விசிறி உறுமுகிறது, பரண் நிறைகிறது, டெல்ஃபின் தூங்குகிறாள்.

முடிவு இரண்டு: இழுக்கவில்லை. ஜனவரியில் அந்த அறையில்... (மூன்று தரம் தொடங்கினேன். முடியவில்லை.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் இந்தத் தாளே லொரெய்னுக்கு எதிரான சாட்சி. எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆகவே நீங்கள் உள்ளே வாருங்கள். லொரெய்ன் வண்டியில் இருக்கிறாள். ஆரின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டேப்பின் முனை கொஞ்சம் எழும்பியிருக்கிறது. நகம் போதும்.