கரையான் தொடாத விறகு

எங்கள் தெருவில் யாரும் விறகுக்குக் காசு செலவழித்ததில்லை. பக்கத்து ஆலையில் மரத்தாலான மின்கம்பங்களைப் பச்சை மருந்தில் ஊறவைப்பார்கள். கழிக்கும் துண்டுகளைச் சனிக்கிழமைதோறும் லாரியில் கொண்டுவந்து எங்களுக்குச் சும்மா கொட்டுவார்கள். லாரி ஓட்டுவது என் வீட்டுக்காரர். கரையானே தொடாத கட்டை என்று எங்களுக்குப் பெருமை வேறு. அது தொடாததை நாம் தொடலாமா என்று கேட்க ஒருத்தருக்கும் புத்தியில்லை. அதில்தான் சமைத்தோம், வெந்நீர் போட்டோம். சாம்பலை அள்ளிக் கீரைப் பாத்தியில் தூவினோம். பாழாய்ப்போன கீரையும் தளதளவென்று வளர்ந்தது.

என் மகளின் உள்ளங்கை சொரசொரவென்று தடித்து வெடித்தது. சிறுநீரைச் சோதித்த டாக்டரம்மா, "வீட்டுல என்ன விறகு எரிக்கிறீங்க?" என்றார். சொன்னேன்.

"அந்த மருந்துல ஆர்சனிக் இருக்கும்மா. விஷம். எரிச்சாலும் போகாது, புகையிலயும் சாம்பல்லயும் நிக்கும். இனிமே ஒரு குச்சிகூட அடுப்புல வைக்காதீங்க. இப்பவே நிறுத்தினாதான் புள்ளைக்கு நல்லது."

பெற்ற கையாலேயே பிள்ளைக்கு விஷத்தைப் பிசைந்து ஊட்டியிருக்கிறேன்.

நேரே ஆலை மேனேஜரிடம் போனேன். "வெறும் கட்டைதானம்மா, ஒண்ணும் பண்ணாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

சனிக்கிழமை லாரி வந்ததும் குறுக்கே போய் நின்றேன். கூடையோடு காத்திருந்த தையல்கார அக்கா பாய்ந்தாள்.

"உனக்கு வேணாம்னா போ. எங்க அடுப்புல ஏன் தண்ணி ஊத்துற?"

"உன் பேரன் கையைத் திருப்பிப் பாருக்கா."

இடுப்பில் இருந்தவனின் கையை விரித்துப் பார்த்தாள். அதே வெடிப்பைக் கண்டதும் கூடையை வீசி எறிந்தாள்.

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நகரு. வேலை போயிடும்."

"போகட்டும். புள்ள போயிட்டா வேற வாங்கிட்டு வருவீங்களா?"

அவர் திரும்பி, அக்காவின் இடுப்பில் இருந்த பேரனின் கையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, "ஏறு. எங்க கொட்டணும்னு சொல்லு" என்றார். நான் ஏற, பேரனைத் தூக்கிக்கொண்டு அக்காவும் ஏறினாள்.

மேனேஜர் வீட்டு கேட் திறந்துதான் இருந்தது. லாரியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. கட்டைகள் சடசடவென்று புல்தரையில் சரிந்தன. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், அறிவிருக்கா உனக்கு? குழந்தைங்க விளையாடற இடம்யா இது."