அலுமாரியில் வளர்ந்த மோர்பின்

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து பதுளை மாட்டு ஆய்வு நிலையத்தின் அலுமாரியில் இருந்த மோர்பின் வாரத்துக்கு இரண்டு குன்றிமணி எடை கூடிக்கொண்டு வந்தது. தேயிலைக்கு அந்த வருடம் நல்ல விலை. அரிசி ஏற்றிப் போகும் வண்டி மாடுகள்தாம் கோமாரியில் விழுந்துகொண்டிருந்தன. மடுல்சீமைத் தோட்டங்களில் பத்து நாட்கள் அரிசி கொடுக்கப்படவில்லை. அதற்காகத்தான் துரைமார் சேர்ந்து நமுனுகுல போகும் பாதையோரம் அந்த நிலையத்தைக் கட்டினார்கள். நாற்பத்திரண்டு ஆடுமாடுகளை வைத்து நோயை ஆராய ஒரு மாட்டு டாக்டர் துரையும் வந்தார். மிருகங்களை அறுக்கும் முன் வலி தெரியாமல் இருக்க மோர்பின் ஊசி போடுவது வழக்கம். அபினுக்குச் சட்டம் இறுகியிருந்த காலம் என்பதால் அந்த வெள்ளைத் தூளுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு கையெழுத்து. சாவி வைத்திருக்கும் இருவரும் உறவினராகவோ நண்பராகவோ இருக்கக் கூடாது என்பது விதி. துரை ஊரில் விசாரித்து, தங்கள் வீடுகளுக்கு நடுவில் எல்லை வேலியில் நின்ற பலா மரத்துக்காக ஒருவரோடொருவர் ஆறு வருடங்களாக வழக்காடிக்கொண்டிருந்த கிளாக்கர் ஞானசீலனிடமும் மருந்து கலக்கும் ஹாஷிமிடமும் ஆளுக்கொரு சாவியைக் கொடுத்தார். அனுமதிப்பத்திரம் ஞானசீலன் பெயரில் இருந்தது. தூள் குறைந்தாலும் கூடினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பதில் சரியில்லாவிட்டால் இரண்டு வருடச் சிறை.

குறைந்திருந்தால் திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். கூடியதுதான் வினையாயிற்று. ஞானசீலன் தூளை எடுத்துவிட்டு மாவைக் கலக்கிறார் என்று ஹாஷிம் நினைத்தார். ஆட்டுக்குப் போட வேண்டிய ஊசியில் பாதியைத் தண்ணீராக்கி, மிச்சத் தூளைத் திரும்ப வைக்கிறார் ஹாஷிம் என்று ஞானசீலன் நினைத்தார். துரை இரண்டையும் சோதித்தார். போத்தலில் இருந்தது கலப்படமில்லாத மோர்பின். ஊசி போட்ட கிடாய் முறைப்படி தூங்கி முறைப்படி எழுந்தது. அப்படியானால் யாரோ வெளியிலிருந்து கள்ளத் தூள் கொண்டுவந்து அரசாங்க அலுமாரியிலேயே ஒளித்து வைக்கிறார்கள் என்று பொலிஸ் முடிவுசெய்தது. அது முதல் இருவரும் வாசலில் சட்டைப்பையை வெளியே இழுத்தும் செருப்பைக் கழற்றியும் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஹாஷிம் அலுமாரிக் கதவில் அரக்கு வைத்தார். ஞானசீலன் அந்த அரக்கின் மேல் தன் தலைமயிர் ஒன்றை ஒட்டினார். அரக்கு உடையவில்லை, மயிர் அறவில்லை, தூள் கூடியது.

ஆடுகளுக்குப் புல் வெட்டும் ரெங்கம்மா இந்தக் காலத்தில் இருவரையும் ஒன்றாகப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். “ஏங்க கிளாக்கரய்யா, எங்க லயத்து வீடுகள்ல புருஷன் பொஞ்சாதி கூட இம்புட்டு நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க.” ஞானசீலன் அவளையும் சந்தேகப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக்கூடப் போகாமல், ஞானசீலன் அலுமாரியைத் திறக்கச் சொல்லி அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஹாஷிம் எதிரில் இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தார். இருவர் கையும் முழங்காலின் மேல் தெரியும்படி இருந்தது. பகல் இரண்டு மணியளவில் தூள், உலையில் அரிசி மேலெழுவதுபோல் மெல்ல எழும்பி, போத்தலின் கழுத்தைத் தொட்டு நின்றது. தக்கை ஒரு நூல் உயர்ந்தது.

“என்னத்தயோ ஓதி ஊதினீங்க ஹாஷிம் நானா, உங்க வாய் அசைஞ்சத நான் பாத்தேன்,” என்றார் ஞானசீலன்.

“எச்சில் முழுங்கினா ஓதுறதா? நீங்கதான் காலயிலருந்து ஜெபம் பண்ணிக்கிட்டு ஈந்தீங்க.”

கொழும்பிலிருந்து மருந்துக் கணக்குப் பரிசோதகர் வருவதற்கு நான்கு நாட்கள் இருந்தன. இருக்க வேண்டியதை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடும்படி துரை ஞானசீலனிடம் ஒதுக்குப்புறமாகச் சொன்னார். “கொட்டுறதுக்கும் கையெழுத்துப் போடணுங்களே துரை,” என்றார் ஞானசீலன். கொட்டியதை எழுதாவிட்டால் அது பொய்க்கணக்கு. எழுதினால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இரண்டு வழியும் சிறைக்கே போயின. அவர் போத்தலை நிறுத்து, இருந்ததை இருந்தபடி எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘தானே கூடியது’ என்று மை தொட்டு எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. ஹாஷிம் பேனாவைத் தொடவில்லை. அன்று மாலை ஞானசீலன் தன் மனைவியிடம் பதினெட்டு மாத வீட்டுச் செலவுக்குப் போதுமான பணம் எங்கே இருக்கிறது என்று காட்டினார். மீதி ஆறு மாதத்துக்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பரிசோதகர் செல்வநாயகம் யாழ்ப்பாணத்தவர். பண்டாரவளையில் ரயிலிலிருந்து இறங்கி, நனைந்துபோய் வண்டியில் வந்து சேர்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். போத்தலைத் தானே இரண்டு முறை நிறுத்தார்.

“தானே கூடியது எண்டு எழுதியிருக்கிறீர். இத ஆர் கண்டது?”

ஞானசீலன் ஹாஷிமைப் பார்த்தார். ‘நான் காணவில்லை’ என்று ஹாஷிம் ஒரு சொல் சொன்னால் அவருக்குச் சாவியும் மிச்சம், பலா மரமும் மிச்சம்.

“நீரும் இவரும் சிநேகிதரோ?” என்றார் பரிசோதகர், ஹாஷிமைப் பார்த்து.

“சிநேகிதமா? என்ட வேலியில நிக்கிற மரத்துக்கு ஆறு வருஷமா கேஸ் பேசுற மனுஷன் ஐயா இவரு. இவர நான் இப்பவும் நம்பல்ல. ஆனா தூள் கூடினது உண்ம. இவர்ட கை முழங்கால்லதான் இருந்திச்சி. என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டேன்.” சொல்லிவிட்டு, வெறுமையாக இருந்த இடத்தில் அழுத்திக் கையெழுத்திட்டார். நிப்பு உடைந்தது.

செல்வநாயகம் இருபத்தாறு வருடங்கள் உத்தியோகம் பார்த்தவர். பகையாளியின் சாட்சியைத் தள்ளிவிட விதியில் இடமில்லை என்று அவருக்குத் தெரியும். மருந்துப் புத்தகத்தில் எடைக்கு வந்தது, போனது, மிஞ்சியது என்று மூன்று பத்திகள்தாம் இருந்தன. தானே கூடிய எடையைச் சேர்க்கப் பத்தி இல்லை. நிலையத்தில் இருந்த மற்றப் புத்தகங்களையும் கேட்டு வாங்கினார். கால்நடைப் புத்தகத்தில் ‘பிறப்பு’ என்று ஒரு பத்தி இருந்தது. அவர் மோர்பினை அதற்கு மாற்றி, நாற்பத்து மூன்றாம் இலக்கம் என்று எழுதி, கூடிய எடையைப் பிறப்பில் சேர்த்து, முத்திரை குத்தினார். ஞானசீலன் பெயரில் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதினார். பிறகு தேநீர் கேட்டார்.

கால்நடைப் புத்தகத்தில் இலக்கம் உள்ள எதற்கும் தினம் அரைக்கட்டுப் புல் உண்டு. ரெங்கம்மா அதையும் வெட்டி, மாலையில் இருவரும் திறந்துவிட்ட அலுமாரிக்குள் போத்தலின் பக்கத்தில் வைத்தாள். காலையில் புல் இருப்பதில்லை. ஞானசீலன் அதைத் தன் பசுவுக்குக் கொண்டுபோகிறார் என்று ஹாஷிமும், ஹாஷிம் தன் ஆட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று ஞானசீலனும் சந்தேகப்பட்டு, ஒருவர் வீட்டுத் தொழுவத்தை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு பதினோரு வருடங்கள் ஒன்றாக வேலை செய்தார்கள். மோர்பின் வாங்கக் கொழும்புக்கு அதன் பிறகு எழுதவேயில்லை. பெரிய மழையில் பாதை சரிந்து புல் வராத நாட்களில் தூள் கூடவில்லை. அன்றைக்குப் பிறப்பு இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.