கர்னல் கிரிம்ஷாவின் வம்சமும் ஒரு கூடார முளையும்

1

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. என் மனைவியின் அத்தை லவீனியா கேட்டது வரலாறு. எங்கள் வர்ஜீனியா ஊர்ப் பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு எழுதுகிறவன் நான். போன வாரம் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத் தெரிந்தவனுக்கு, போன நூற்றாண்டுக்கும் முன்பு செத்த, கிரிம்ஷா குடும்பத்து மூதாதையான புகையிலைப் பண்ணையாரைப் பற்றி நாற்பது பக்கம் எழுத வராதா என்பது அத்தையின் நியாயம். சனிக்கிழமை குடும்ப விருந்தில் அதை நான் வாசிக்க வேண்டும். வீட்டு மாப்பிள்ளைக்கு மறுக்கிற உரிமை எந்த ஊரிலும் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'கர்னல் ஏசா கிரிம்ஷா தம் இரு கைகளால் இந்த மண்ணைப் பண்படுத்தி...'

(நிறுத்தினேன். கூடத்து ஓவியத்தில் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். அவை பண்படுத்தியது மீசையை மட்டும்தான்.)

இரண்டாவது: 'போர்க்களத்தில் கர்னல்...'

(அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் புகையிலை உலர்த்தும் கொட்டில் நாலைந்து இருந்தாலே கர்னல்.)

மூன்றாவது: 'பண்ணை வேலையாட்கள் அவரைத் தந்தையாகவே...'

(அத்தை சொல்லிக்கொடுத்த வரி. வேலையாட்கள் அல்ல, அடிமைகள். தந்தை என்பது மட்டும், அத்தை நினைக்காத விதத்தில், சிலர் விஷயத்தில் உண்மை.)

3

வெள்ளிக்கிழமை காலை, தேவதாரு மரங்களுக்கடியில் விருந்துக்குக் கூடாரம் போட ஒடெல்லா கோட்ஸ் வந்தாள். கூடார வாடகைக் கடைக்காரி, கறுப்பினப் பெண், எங்கள் பண்ணைக்குள் வருவது இதுவே முதல் தடவை. முதல் முளையை வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் முழுசாக இறங்கியது.

"இந்த மண்ணு சரியில்லீங்களே."

"அறுவது வருஷமா இங்கதான் சாப்புடறோம்," என்றாள் அத்தை. "எங்களத் தாங்குன மண்ணு ஒன் கூடாரத்தத் தாங்காதா?"

ஒடெல்லா குனிந்து தரையைப் பார்த்தாள். எங்கும் நீலப் பூக்கொடி*. அதற்கடியில் ஆள் நீளத்துக்கு வரிசையாகப் பள்ளங்கள், எல்லாம் கிழக்கு பார்த்து.

(*இதன் உறவுக்காரப் பூ ஒன்றைத் தமிழில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். குறியீடு வைக்கிற ஆள் நான் இல்லை. பூ தானாகவே வந்து நிற்கிறது.)

இதற்குள் என் மச்சான் ராயல், ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்க, தன் அப்பா செய்ததுபோலவே, தட்டைக் கல் ஒன்றைத் தூக்கிவிட்டான்.

"அண்ணே, அந்தக் கல்லத் தொடாதீங்க!"

"இது சும்மா கல்லும்மா."

"சும்மா கல்லுதான். அடிமைக் கல்லறையில பேரு வெட்ட விட்டாத்தான? எங்க மூதாதி டோர்கஸ், உங்க கர்னல் புகையிலையில புழு பொறுக்கியே செத்தவ. தேவதாருக்கு அடியில, நீலப் பூவுக்குள்ள கெடக்கான்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். எந்தத் தேவதாருன்னுதான் தெரியாது. அவ தலையில நான் முளை அடிக்க மாட்டேன்."

அத்தையின் முகம் வெளுத்தது. ஆனாலும் கிரிம்ஷா ரத்தம்.

"சரி, பத்தடி தள்ளிப் போடேன்."

"எந்தப் பக்கம்? காட்டுங்க, போடறேன்."

அத்தை சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் நீலம்.

"நாளைக்கு எம்பது பேர் வராங்கடி!"

"இங்க எத்தன பேர் இருக்காங்களோ, யாருக்குத் தெரியும்?"

4

முடிவுகள், நான் எழுதிப் பார்த்த வரிசையில்:

அ) அத்தை ஒடெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (அடித்துவிட்டேன். அத்தை தன் கல்யாணத்தன்றுகூட யாரையும் கட்டிக்கொண்டதில்லையாம்.)

ஆ) நான் முன்னே வந்து நியாயம் பேசுகிறேன். (அப்போது என் கையில் எலுமிச்சைச் சாறு ஜாடி இருந்தது. ததும்பும் ஜாடியோடு வீரம் பேசுவது சிரமம்.)

இ) வேறு கூடாரக்காரன் வருகிறான், விருந்து நடக்கிறது. (இதுதான் நடக்கும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள். அதனாலேயே எழத மனம் வர

எழுத மனம் வரவில்லை. மனமில்லாதபோது பேனா எழுத்தை விழுங்கிவிடுகிறது.)

5

நடந்தது இவ்வளவுதான். ஒடெல்லா மண்டியிட்டு, குழந்தையின் காலிலிருந்து முள் எடுப்பதுபோல் முளையைப் பிடுங்கினாள். துளையை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். பிறகு ராயலிடம் கை நீட்டினாள்.

"குடுங்கண்ணே. யாரு தலமாட்டுல இருந்துச்சோ, அங்கயே வச்சிருவோம்."

ராயல் கல்லை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் இன்னும் நிறையக் கற்கள் அடுக்கியிருந்தன. அவன் அப்பாவும் அவர் அப்பாவும் வருடாவருடம் மேசைக்கு மேசை மாற்றி வைத்த கற்கள்.

"அத்த, இது எந்த எடத்துல இருந்துச்சு? ஒனக்குத் தெரியுமா?"

கர்னலின் குதிரைகள் அத்தனைக்கும் பெயர் சொல்லத் தெரிந்த அத்தை, அடுத்த அடியை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.

வரலாறு இங்கே நின்றுவிட்டது. கல்லை எங்காவது இறக்கிவைக்க ஒரு வாக்கியம் போதும். அதை எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இடம் தெரிந்தால் சொல்லுங்கள். ஒடெல்லா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.